கேட்டவர் கடன்

விண்கலங்களைப் பற்றிய கதைகளில் எங்காவது ஓர் இடத்தில் அபாயச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று வந்துவிடுகிறது. கதாசிரியனின் சௌகரியத்துக்கேற்ப அது ஒளியை மிஞ்சிய வேகத்தில் செய்தி அனுப்பும். அல்லது பாழடைந்த ஒரு கிரகத்தில் கிடந்து, கேட்பாரில்லாமல், ஒரே செய்தியை வருஷக்கணக்கில் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். கருவியின் யந்திர நுட்பத்தில் எனக்கு அக்கறை இல்லை. கதைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக அடியில் கிடக்கிற ஒரு எடுகோள்தான் கவனத்துக்குரியது. கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்பதுகூட அல்ல, வரவேண்டும் என்பது. இத்தனை தூரம் கடந்து, இத்தனை இருளில், முகம் தெரியாத ஒருவனுக்காகத் தன் வழியை விட்டு ஏன் திரும்பவேண்டும்? பௌதிகத்தில் இதற்கு விடை கிடையாது.

கதைக்காரர்கள் இதை யோசிக்காமலும் இல்லை. 1968ல் வந்த குப்ரிக்கின் '2001' படத்தில், பூமியோடு தொடர்பை வைத்திருக்கும் ஆன்டெனாவின் ஒரு பாகம் 72 மணி நேரத்தில் பழுதாகும் என்று கப்பலின் மூளையான யந்திரம் அறிவிக்கிறது. கழற்றிப் பார்த்தால் ஒரு பழுதும் இல்லை. அங்கிருந்துதான் சாவு தொடங்குகிறது. 1979ல் வந்த 'ஏலியன்' இன்னும் ஒரு படி போகிறது. வீடு திரும்பிக்கொண்டிருக்கும் ஒரு சரக்குக் கப்பல் ஏதோ ஒரு சமிக்ஞையைக் கேட்டுத் தன் ஏழு பணியாளர்களையும் நீள்தூக்கத்திலிருந்து எழுப்புகிறது. விசாரிக்காமல் போனால் பங்குப் பணம் கிடையாது என்பது கம்பெனி விதி. இறங்குகிறார்கள். சமிக்ஞையின் ஒரு பகுதி புரிபடும்போது, அது கூப்பிடும் குரல் அல்ல, கிட்டே வராதே என்ற எச்சரிக்கைபோல் இருக்கிறது என்று தெரிகிறது. அதற்குள் மூன்று பேர் வெளியே போயாகிவிட்டது. எதிர்காலத்தின் ஆகத் தொலைவான மூலையைக் கற்பனை செய்யும்போதும் மனம் பொய்க்குரலை, அல்லது தப்பாகக் கேட்கப்பட்ட குரலைத்தான் போய்த் தொடுகிறது. அந்த அளவுக்கு இது பழைய பயம்.

எவ்வளவு பழையது என்று தெரிய திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூருக்குப் போனால் போதும். நீலி கதை நமக்கு எல்லோருக்கும் தெரியும். தெரிந்துவிட்டதாலேயே யோசிக்காமல் விட்டுவிட்ட கதைகளில் அது ஒன்று. வடிவங்கள் பல. சாரம் இது. ஒருவன் தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் பேய். அவனைக் காப்பாற்றுவது அவன் கையிலிருக்கும் மந்திரக் கத்தி. பழையனூர்ச் சபையில் வேளாளர் எழுபதுபேர் கூடியிருக்கிறார்கள். கைவிடப்பட்ட மனைவியாக, கள்ளிக்கட்டை ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நீலி அழுதபடி வந்து நிற்கிறாள். வணிகன் அலறுகிறான் — இவள் என் மனைவி இல்லை, என்னைக் கொல்ல வந்த பேய் என்று. குழந்தை அவனை அப்பா என்கிறது. சபைக்கு அது போதும். கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரு வீட்டில் இரவு தங்கச் சொல்கிறது. உன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் எழுபதுபேர் உயிரும் உனக்குப் பிணை என்கிறது. விடிந்ததும் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதுபேரும் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்கிறார்கள்.

பிற்காலம் இதை வாய்மையின் கதையாக எடுத்துக்கொண்டது. வேளாளர் பெருமைக்குச் சான்றாக இது எத்தனையோ முறை சொல்லப்பட்டிருக்கிறது. உமாபதி சிவம் பாடியதாக வழங்கும் சேக்கிழார் புராணமும் சொல்கிறது. பழையனூரில் தீப்பாய்ந்த மண்டபமும் இருக்கிறது. ஆனால் ஏழாம் நூற்றாண்டில் திருவாலங்காட்டைப் பாடும் சம்பந்தர், வஞ்சனையால் ஒருத்தி உயிர் வாங்கியதைக் குறிப்பிட்டு, பழையனூரை அதைக் கேட்டு நடுங்கும் ஊராகத்தான் காண்கிறார். பெருமிதம் பின்னால் வந்தது. நடுக்கம் முந்தியது. நடுக்கமே கதைக்கு அதிக விசுவாசமானது என்பது என் எண்ணம்.

பாஷையின் தீர்ப்பு வேறு. அது 'நீலிக்கண்ணீர்' என்று ஒரு வார்த்தையைச் செய்து வைத்துக்கொண்டது. பொய்யான அபயக்குரலுக்கு இவ்வளவு கச்சிதமான பெயர் வேறு பாஷையில் இருக்குமா என்பது சந்தேகம். இந்த வார்த்தையை நாம் பெரும்பாலும் பெண்களின் அழுகைக்குத்தான் பயன்படுத்துகிறோம் என்பதையும் கூடவே சொல்லவேண்டும். வார்த்தை எதை நினைவில் வைத்திருக்கிறது, எதை மறந்துவிட்டது என்று பார்த்தால் விஷயம் விபரீதமாக இருக்கிறது. சபையின் முன் அழுத அழுகை பொய். சரி. முந்தின பிறவியில் கணவன் கையால் சாகும்போது அவள் எழுப்பிய குரல்? அதைக் கேட்க அப்போது எந்தச் சபையும் கூடியிருக்கவில்லை. அந்தக் குரல்தான் ஒரு பிறவி தாமதமாகப் பழையனூருக்கு வந்து சேர்ந்தது.

தாமதம் என்பது வெறும் உவமை அல்ல. 1977ல் ஏவப்பட்ட வாயேஜர்-1 இன்று அனுப்பும் செய்தி பூமிக்கு வர 22 மணி நேரத்துக்கு மேலாகிறது. செவ்வாயிலிருந்து குரல் வர, கிரகங்களின் இருப்பைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிஷம். நாளை அங்கே போகிற மனிதன் 'காப்பாற்று' என்று சொன்னால், கேட்கிறவன் கேட்கும் கணத்தில் அவன் உயிரோடு இருக்கிறானா என்பது கேட்கிறவனுக்குத் தெரியாது. விண்வெளியில் அபயக்குரல் எப்போதுமே கடந்த காலத்திலிருந்து வருவது. சோயூஸ்-11 விஷயத்தில் குரலே வரவில்லை. 1971 ஜூன் 30 அன்று, கலத்தின் பகுதிகள் பிரிந்தபோது ஒரு வால்வு திறந்துகொண்டு உள்ளிருந்த காற்று வெளியேறிவிட்டது. கலம் பாராசூட்டில் ஒழுங்காக வந்து இறங்கிற்று; கதவைத் திறந்தவர்கள் மூன்று பேரையும் உயிரற்றுக் கண்டார்கள். அபாயத்தைச் சொல்லக் கருவி இருந்தது. அதைச் சொல்லும் அவகாசம் இல்லை.

ஆகவே குரல் எழுப்புகிறவனின் பக்கமிருந்து மட்டும் இந்தப் பிரச்னையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அபாயக் கருவி என்று சொன்னதும் நாம் பொத்தானையும் விளக்கையும் நினைக்கிறோம். கடலின் சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது. 1906ல் பெர்லினில் கூடிய மாநாடு எஸ்.ஓ.எஸ். என்ற சமிக்ஞையை ஏற்றுக்கொண்டது. 1908ல் அது நடைமுறைக்கு வந்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் அதையும் அதற்கு முந்தைய சி.க்யூ.டி.யையும் அனுப்பிற்று. கருவியில் குறையில்லை, அனுப்பியவனிடமும் குறையில்லை. அருகில் நின்ற கலிஃபோர்னியன் கப்பலில் இருந்த தந்தி ஆபரேட்டர் ஒரே ஒருவர். அன்று இரவு பனிக்கட்டி பற்றி அவர் டைட்டானிக்குக்குச் சொல்ல முயன்றபோது, குறுக்கே வராதே, வேலையாக இருக்கிறேன் என்று அங்கிருந்து வாயடைக்கப்பட்டார். டைட்டானிக் மோதுவதற்குச் சில நிமிஷம் முன்பு கருவியை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். அந்தக் கப்பலின் மேல்தளத்தில் நின்றவர்கள் வெள்ளை ராக்கெட்டுகள் வானில் வெடிப்பதைப் பார்த்தார்கள். பார்த்து, என்னவாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். தூரத்தில் இருந்த கார்பேத்தியாவின் ஆபரேட்டர் படுக்கப் போகும் நேரத்திலும் காதுக்கருவியைக் கழற்றாமல் வைத்திருந்த தற்செயலால் எழுநூறுக்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

இதற்குப் பிறகு கடல் உலகம் கற்றுக்கொண்டது முக்கியமாகக் கருவியைப் பற்றியது அல்ல. கேட்பதைப் பற்றியது. கப்பல்களில் தந்தி அறை இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்கவேண்டும் என்று வந்தது. பிறகு மௌன நேரம் என்று ஒரு ஏற்பாடு வந்தது. எனக்குத் தெரிந்து மனிதர்கள் செய்த ஏற்பாடுகளில் இது மிக அழகானவற்றுள் ஒன்று. 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒவ்வொரு மணி நேரத்திலும் பதினைந்தாம் நிமிஷத்திலிருந்து பதினெட்டு வரையும், நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு வரையும், எந்தக் கப்பலும் எந்தக் கரையும் பேசக்கூடாது. தந்தி அறைக் கடிகாரத்தின் முகத்தில் அந்த மூன்று மூன்று நிமிஷங்களும் சிவப்பாகத் தீட்டப்பட்டிருக்கும். சரக்கு விலையும் துறைமுகச் செய்தியும் பிறந்தநாள் வாழ்த்தும் அப்படியே நின்றுபோகும். மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கும் ஏதோ ஒரு படகின் பலவீனமான குரல் காதில் விழக்கூடும் என்பதற்காக உலகத்தின் கடல்கள் முழுக்க, நாளைக்கு நாற்பத்தெட்டு முறை, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தன. பெரும்பாலான முறை ஒன்றும் கேட்டிருக்காது. 1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்களையும் தானியங்கிக் கருவிகளையும் நம்பியிருக்கும் புதிய முறை முழுதாக அமலுக்கு வந்தது. மௌன நேரத்துக்கு அவசியம் இல்லாது போயிற்று. புதிய முறை உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது காப்பாற்றுகிற உயிர்கள் அதிகம். ஆனால் அபாயக் கருவி என்பது ஆதியில் கேட்கிறவர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட ஒரு ஒழுங்கு என்பதை அந்தச் சிவப்புக் கடிகாரம் காட்டின மாதிரி வேறொன்றும் காட்டவில்லை.

நம்மிடமும் ஒரு கருவி உண்டு. மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி. பசு வந்து அடித்தது என்பது கதையின் பலம். பசுவுக்குப் பொய் தெரியாது. ஆனால் அந்த மணி காப்பாற்றுவதற்காகத் தொங்கவில்லை. பசு அடிக்கும்போது கன்று செத்துவிட்டது. மணி நீதிக்கானது. அபயக்குரலையும் நீதிக்கான குரலையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம், இரண்டும் வேறு. முன்னது இனி நடக்கப்போவதைத் தடுக்கச் சொல்கிறது. பின்னது நடந்துவிட்டதற்குக் கணக்குக் கேட்கிறது. பழையனூருக்கு நீலி வந்தது இரண்டாவதற்கு. ஆனால் கொலையுண்ட மனைவிக்கு எந்தச் சபையிலும் நிற்க இடம் கிடையாது. கைவிடப்பட்ட மனைவிக்கு, அதுவும் கைக்குழந்தையோடு வந்தவளுக்கு, இடமுண்டு. சபைக்கு எந்த அழுகை புரியுமோ அந்த அழுகையின் வேஷத்தை அவள் போட்டுக்கொண்டாள். அவளை நல்லவளாக்கும் உத்தேசம் எனக்கில்லை — பேயைப் பேயாகவே விட்டுவிடுவது நல்லது. பொய்க்குரல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், உண்மைக்குரலுக்குக் காது இல்லாத இடத்திலிருந்தும் வருகிறது என்றுதான் சொல்கிறேன்.

பொய்க்குரலை என்ன செய்வது என்பது நடைமுறைக் கேள்வியும்கூட. சென்னை–அரக்கோணம் மார்க்கத்தில் திருவாலங்காடும் ஒரு ஸ்டேஷன். அந்த வழியே போகும் ரயில்களின் அபாயச் சங்கிலியைத் தக்க, போதுமான காரணமில்லாமல் இழுத்தால், 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 141ஆவது பிரிவுப்படி ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் புத்திசாலித்தனமானது. காரணம் போதுமா என்பதை ரயில் நின்ற பிறகுதான் விசாரிக்கிறது. முதலில் நிற்கவேண்டும். 1982 ஜூனில் முதல் செயற்கைக்கோளை அனுப்பித் தொடங்கிய காஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாடும் இப்படித்தான். அமெரிக்காவும் சோவியத் யூனியனும், கூட கனடாவும் பிரான்ஸும், பனிப்போரின் நடுவில் சேர்ந்து செய்தது அது. அதே வருஷம் செப்டம்பரில், கனடாவின் மலைகளில் விழுந்த ஒரு சிறு விமானத்தின் மூன்று பேர் அதனால் பிழைத்தார்கள். ஆனால் அன்றைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவிகளிலிருந்து வந்த அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை பொய். யாரும் வஞ்சகம் செய்யவில்லை. கருவியைக் கீழே போட்டதால், தவறாகக் கையாண்டதால், பிறகு சம்பந்தமே இல்லாத யந்திரங்களிலிருந்து — பணம் தரும் யந்திரம், பிட்சா அடுப்பு, விளையாட்டரங்கின் ஸ்கோர் பலகை — கசிந்த அலைகள் அபயக்குரலாக வானத்துக்கு ஏறின. பிட்சா அடுப்புக்கு என்ன ஆபத்து என்று சிரிக்கலாம். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இன்றைய கருவி தன் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது. யாருடைய கருவி என்று பதிவேட்டில் பார்த்து, கொடுத்திருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

குரல் இப்போது பெயரைச் சொல்லியாக வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது; ஒரு பொய்யைத் தேடிப் போன ஹெலிகாப்டர் இன்னொரு உண்மைக்குப் போக முடியாது. பழையனூர்ச் சபை கேட்டதும் இதையேதான்: நீ யார், அவனுக்கு நீ என்ன உறவு. பதிவேட்டின் இடத்தில் குழந்தை இருந்தது. குழந்தையின் வாக்குமூலம் அடையாளத்தை நிரூபித்தது. அடையாளம் நிரூபணமானதும் விசாரணை முடிந்துவிட்டது.

எழுபதுபேரின் தவறு நீலியை நம்பியதில் இல்லை என்று நினைக்கிறேன். அழுகிறவளை நம்பாமல் விடுவதைவிட நம்பி ஏமாறுவது மேல் என்று ஒருவர் சொன்னால் மறுக்கமாட்டேன். அன்று அந்தச் சபையில் எழுந்தது ஒரு குரல் அல்ல, இரண்டு. வணிகனின் அலறலும் அபயக்குரல்தான். ஆணின் பயம் அவர்களுக்கு அபயக்குரலாகக் கேட்கவில்லை. கடமையைத் தட்டிக்கழிக்கும் தந்திரமாகக் கேட்டது. இரண்டு குரலும் ஒன்றையொன்று பொய்யாக்கும்போது எதற்குப் போவது என்பதற்கு விதி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதியில்லாத இடத்தில் செய்யக்கூடிய ஒரு எளிய காரியம் இருந்தது: இருவரையும் தனித்தனியே வைத்துக் காலைவரை விழித்திருப்பது. அதைச் செய்யவில்லை. பிணை கொடுத்தார்கள். கத்தியை வாங்கிக்கொண்டு சொல்லைக் கொடுத்தார்கள். அந்தச் சொல் கொடுக்கப்பட்டது கேட்பதை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவதற்காக. மறுநாள் அந்தச் சொல்லைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தார்கள் என்பது பிரமிக்கத்தக்கது. நான் அதைச் சிறுமைப்படுத்தவில்லை. ஆனாலும் எழுபது உயிரும் சேர்ந்து வணிகனின் உயிருக்கு எதுவும் செய்யவில்லை. தீயில் அவர்கள் காப்பாற்றியது தங்கள் வாக்கை. கலிஃபோர்னியனின் மேல்தளத்தில் நின்றவர்களுக்கு இந்த நேர்மைகூட இல்லை என்று ஒரு நண்பர் வாதம் செய்தார். உண்மை. ஆனால் பனியில் விறைத்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த இடத்தில், இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் சிலர் கவிதையும் ஒரு அபயக்குரலே என்று தொடங்குவார்கள் என்று தெரியும். புட்டியில் அடைத்துக் கடலில் விட்ட கடிதம் என்று மந்தல்ஷ்டாம் சொல்லி நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஸெலான் அதை எடுத்துக்கொண்டார். அவர்களுக்கு அது பொருந்தியதற்கு அவர்கள் வாழ்ந்த விதம் சாட்சி. நாம் சொன்னால் கொஞ்சம் சுலபமாகச் சொல்வதுபோல் படுகிறது. இருநூறு பிரதி அச்சாகும் பத்திரிகையில் வரும் கவிதைக்குக் கேட்பாரில்லை என்பது ஒரு வருத்தம், ஆபத்து அல்ல. நமக்கு அதிகம் சம்பந்தப்படுவது மறுமுனை. எழுத்தாளன் தன்னைக் கூப்பிடுகிறவனாகவே பாவித்துப் பழகிவிட்டான். சிவப்புத் தீட்டிய மூன்று நிமிஷத்தை அவன் எந்த மணி நேரத்தில் வைத்திருக்கிறான்?

'அபயம்' என்ற சொல்லிலேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. பயமின்மை என்பது பொருள். பயத்தின் உச்சத்தில் இருப்பவன் 'அபயம்' என்று கூவுகிறான். காப்பவன் கையை உயர்த்தினால் அதற்கும் பெயர் அபயம். கூப்பாட்டுக்கும் பதிலுக்கும் ஒரே சொல். கூவுகிறவன் கேட்கிறவன் சொல்லவேண்டிய வார்த்தையை முன்கூட்டியே அவன் வாயில் வைத்துவிடுகிறான்.

திருவாலங்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரம் பழவேற்காடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாட்களில் அந்தப் பக்கத்து மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த ராக்கெட்டுகளை விடும் இஸ்ரோவே மீனவர்களுக்காக ஒரு அபாயக் கருவியைச் செய்து, 2010லிருந்து அது புழக்கத்தில் இருக்கிறது. படகில் வைத்துக்கொள்ளலாம். பொத்தானை அமுக்கினால் இருக்கும் இடத்தோடு செய்தி செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. முதல் தலைமுறைக் கருவியில் ஒரு குறை. செய்தி ஒரு திசையில்தான் போகும். அமுக்கியவனுக்கு, கேட்டார்களா இல்லையா என்று தெரிய வழியில்லை. அமுக்கிவிட்டு, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு, இருட்டைப் பார்த்தபடி இருக்கவேண்டியதுதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நேர்ந்தது இதன் மறுபக்கம். குமரி மாவட்டத்திலிருந்து பல நாள் தங்கலுக்கு ஆழ்கடல் போயிருந்தவர்களுக்குக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. அங்கே குரல் கொடுக்கவேண்டியது கரை.

2024 ஜனவரியில் இரண்டாம் தலைமுறைக் கருவியை இஸ்ரோ அறிவித்தது. இதில் கரையிலிருந்து கடலுக்கும் செய்தி போகும். புயல் வருகிறது என்று முன்னதாகச் சொல்லலாம். ஆபத்தில் இருக்கிறவன் பொத்தானை அமுக்கினால், செய்தி கிடைத்தது என்று அவன் கருவிக்கே பதில் வரும். இந்தப் பதிலுக்கு மனிதர்கள் கொடுக்கும் விலை சாதாரணமானதல்ல. தண்ணீரில் இன்னும் ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டிருக்கும் தெம்பை அது தரும். வணிகனுக்கும் அன்று இரவு எழுபதுபேரிடமிருந்து பதில் கிடைத்திருந்தது. பதிலுக்கும் படகுக்கும் நடுவில் கடல் இருக்கிறது. அந்த நேரத்தில் கரையில் யார் விழித்திருக்கிறார்கள், எத்தனை மைல் தள்ளிக் கப்பல் நிற்கிறது, அதில் டீசல் இருக்கிறதா என்பதெல்லாம் கருவிக்கு வெளியே உள்ள விஷயங்கள்.